சிறுநீரோடு காற்று வந்தால் சும்மா விடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. சில வருடங்களாக குரோன்ஸ் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது யூரின் இன்ஃபெக்‌ஷன் விட்டபாடில்லை, ஆன்டிபயாட்டிக் முடிந்த கையோடு மறுபடி எரிச்சல், காய்ச்சல். சிறுநீர் கழித்து முடிக்கும்போது காற்றும் குமிழியுமாக வருகிறது என்று கூச்சப்பட்டுக்கொண்டே போன வாரம்தான் சொன்னான். குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வழி உண்டாகியிருக்கலாம், ஆபரேஷன் தேவைப்படும் என்கிறார் டாக்டர். சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவார்களா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: எடுக்க மாட்டார்கள் அம்மா, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் மகன் வாய்விட்டுச் சொன்னதுதான் பெரிய உதவி, ஏனென்றால் பலர் இதை வெளியே சொல்வதே இல்லை, மாதக்கணக்கில் வெறும் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றே வைத்தியம் நடக்கும். குரோன்ஸ் என்பது குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் நோய், அது குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். புண் ஆழமாகி, ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து உறுப்பைத் துளைத்துவிடும். இதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. சிறுநீர்ப்பைக்குள் திறக்கும் ஃபிஸ்டுலா அரிது, அதுவும் ஆண்களுக்குத்தான் அதிகம். பெண்களுக்கு நடுவில் கர்ப்பப்பை தடுப்பாக இருக்கிறது.

உறுதிப்படுத்த முதலில் சி.டி. ஸ்கேன். சிறுநீர்ப்பையில் டியூப் எதுவும் போடாதவருக்கு உள்ளே காற்று தெரிந்தால் கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். சிஸ்டாஸ்கோப்பி, அதாவது சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்த்தால் பல நேரம் ஓட்டை கண்ணில் படாது, ஓரிடம் மட்டும் சிவந்து வீங்கியிருக்கும், அதனால் "ஓட்டை தெரியவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: குடல் காசநோயும் குரோன்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆகவே பயாப்ஸியில் (குடல் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) டி.பி. இல்லை என்று முன்பே பார்த்தார்களா என்று கேளுங்கள். டி.பி. இருப்பது தெரியாமல் குரோன்ஸுக்காக, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் போன்ற ஊசி போட்டால் அது உடம்பு முழுக்கப் பரவக்கூடும்.

சரி, ஆபரேஷனுக்கு வருவோம். நோய் குடலில்தான், பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில். சிறுநீர்ப்பை, பக்கத்து வீட்டுத் தீயில் கருகிய சுவர் மாதிரி. நோயுள்ள குடல் துண்டை மட்டும் வெட்டி, நல்ல முனைகளைச் சேர்ப்பார்கள். சிறுநீர்ப்பை ஓட்டை சின்னதாக இருந்தால் சில தையல்களோடு சரி, சில சமயம் அதுகூட வேண்டியதில்லை, ஒரு வாரம் பத்து நாள் டியூப் போட்டு வைத்தாலே ஆறிவிடும்.

ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். சீழ்க்கட்டி இருந்தால் முதலில் ஊசி வழியாக வடிக்க வேண்டும், ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், எடை குறைந்திருந்தால் சில வாரமாவது நன்றாக ஊட்டமேற்ற வேண்டும். ஸ்டீராய்டும் சத்துக்குறைவும் சேர்ந்தால் தையல் கசியும் ஆபத்து கூடும், அப்படிப்பட்ட நிலையில்தான் மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாகப் பை வைப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் திரும்பலாம், பெரும்பாலும் குடலைச் சேர்த்த அதே இடத்தில். 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) கட்டாயம். அப்புறம், பையனுக்கு சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.