நிற்கிற சுவருக்கு 4,000

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடு போய்விட்டது என்று இன்னமும் சிலர் மனுவும் கையுமாக அலைகிறார்கள். ரேஷன் கடையில் ஆளுக்கு 6,000 ரூபாய் வாங்கியாயிற்று. அதில் டி.வி. வாங்கியவர்களை எனக்கே தெரியும். அரசு இன்னும் எவ்வளவுதான் கொடுக்கும்? வீடு கட்டிக்கொள்வது அவரவர் பாடு இல்லையா?
(வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை)

பதில்: 6,000 ரூபாய்க்கு டி.வி. கொடுக்கிற கடை எது என்று முதலில் எழுதுங்கள். எங்கள் அலுவலக டி.வி. படுத்து ஒரு வருஷம் ஆகிறது.

அந்த 6,000 ஆளுக்கு இல்லை, குடும்ப அட்டைக்கு. அரிசிப் பானை முதல் பாய் வரை ஆற்றோடு போன வீட்டில் ஒரு மாதத்தை ஓட்டுவதற்கான காசு அது. வீட்டுக்கான கணக்கு வேறு நோட்டில் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள்.

அந்த வேறு நோட்டைப் பார்ப்போம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022இல் திருத்திய பட்டியலின்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. காரை வீடு பகுதி இடிந்திருந்தால் 6,500, மண் வீடு பகுதி இடிந்திருந்தால் 4,000. அந்தப் ‘பகுதி’யும் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். 14 சதவீதம் இடிந்த வீட்டுக்காரர் மழைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

1,20,000 ரூபாயில் வீடு முடியுமா? எந்தக் கொத்தனாரிடமும் கேட்க வேண்டாம், அரசிடமே கேளுங்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குத் தமிழக அரசு போடும் விலை மூன்றரை லட்சம். ஆக, மத்தியப் பட்டியல் கொடுப்பதில் பேஸ்மட்டம் எழும்பும், சுவரும் கொஞ்சம் எழும்பும். கான்கிரீட் போடுவதற்குக் கடன் வாங்க வேண்டும். இது தெரிந்துதான் அந்த வெள்ளத்துக்கு அப்புறம் மாநில அரசு, புதிய வீட்டுக்கு 4 லட்சம் வரை, பழுது பார்க்க 2 லட்சம் வரை என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வீடு எந்தத் தொகையில் சேரும் என்று எழுதுவது பேனா. அந்தப் பேனா எப்படி ஓடுகிறது என்று ஒரு வீட்டில் பார்த்தேன்.

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மண்சுவர், பனை விட்டம், மேலே நாட்டு ஓடு. என் தோளுயரத்துக்குச் சுவரில் சேற்றுக்கோடு. கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்திருக்கிறார். நான்கு சுவரும் நின்றிருந்தன. ‘பகுதிச் சேதம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் தண்ணீரில் ஊறிய மண்சுவர், தண்ணீர் இருக்கும்போதே விழ வேண்டும் என்பதில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அடி பொரிந்து உட்காரலாம். அவர் போன பத்தாம் நாள் மேற்குச் சுவர் உட்கார்ந்தது, விட்டமும் ஓடும் கூடவே வந்தன. நோட்டில் மட்டும் அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது.

பக்கத்து வீட்டில் இன்னொரு சிக்கல். வீடு அடியோடு போய்விட்டது, ஆனால் இருந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு. நான் சொன்ன பட்டியலின் அடியில் ஒரு குறிப்பு உண்டு: இடிந்த வீடு அங்கீகாரம் பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும், உரிய அதிகாரி சான்று தர வேண்டும். நாற்பது வருஷமாக வீட்டு வரி வாங்கியபோது யாரும் பட்டா கேட்கவில்லை.

வேறு மாதிரி செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சேதத்தை ஐந்து படியாகப் பிரித்தார்கள். 15 சதவீதம் வரை 10,000 ரூபாய். 29 வரை 60,000. 59 வரை ஒன்றேகால் லட்சம். 74 வரை இரண்டரை லட்சம். அதற்கு மேல் 4 லட்சம். மத்தியப் பட்டியலின் பணத்தோடு முதலமைச்சர் நிவாரண நிதியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நிலமும் போனவர்களுக்கு நிலம் வாங்கத் தனியாக 6 லட்சம். செல்போன் செயலியோடு தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் படமெடுத்துப் பதிந்தார்கள். ‘என் வீட்டைக் குறைத்து எழுதிவிட்டார்கள்’ என்று மேல்முறையீடு செய்யவும் வழி இருந்தது. அங்கேயும் புகார்கள் குவிந்தன, காசு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இருந்தாலும் ‘பாதி’க்கும் ‘முழுசு’க்கும் நடுவில் ஏறி நிற்க நாலைந்து படியாவது இருந்ததல்லவா? மத்தியப் பட்டியலில் 6,500இல் கால் வைத்தால் அடுத்த படி 1,20,000.

அவரவர் பாடு என்கிறீர்கள். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. ரயிலுக்கே வழி இல்லாத இடத்தில் ஓட்டு வீட்டுக்காரர் என்ன பாடு பட்டிருக்க முடியும்?

சுவர் உட்கார்ந்த வீட்டு ஆச்சியிடம், “மனுவில் எவ்வளவு கேட்டிருக்கீங்க ஆச்சி?” என்றேன்.

“துட்டா? துட்டெல்லாம் கேக்கல தம்பி. இன்னொரு மட்டம் வந்து பாருங்கய்யான்னுதான் எழுதிக் குடுத்திருக்கு.”

நீங்கள் சொன்ன ‘மனுவும் கையுமாக அலைகிற சிலர்’ இவர்கள்தான். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். வருவதாக இருந்தால் எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.