எச்சரிக்கை இருந்தது, காணி இருக்கவில்லை

கேள்வி: மனிதன் 1969இலேயே சந்திரனில் கால் பதித்துவிட்டான். இன்று தோட்டத் தொழிலாளரின் லயன் அறையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. இத்தனை புதுமைகள் வந்த பின்னும் பசி, நோய், பாதுகாப்பான வீடின்மை ஆகியவை ஏன் தீரவில்லை என்று என் விஞ்ஞான வகுப்பு மாணவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
– ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: தீர்வு தெரியாததால் நீடிக்கும் பிரச்சினைகளைவிட, தெரிந்த தீர்வு உரியவரைச் சென்றடையாததால் நீடிப்பவையே அதிகம் என்று சொல்லுங்கள்.

மலையகப் பிள்ளைகளுக்கு இதற்கான உதாரணம் அருகிலேயே இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் உடனே வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்துகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண்சரிவு லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுந்து போக அம்மக்களுக்கு வேறு காணி இருக்கவில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்த லயன் அறைக்கே அவர்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. இன்றும் இரவில் உடனே வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை வந்தால், பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடும் குடும்பங்களில் பல, மழை விட்டதும் அதே சரிவுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. எவ்வளவு துல்லியமான கருவி வந்தாலும் அது ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியை எழுதிக் கொடுக்காது. அரசும் தோட்டக் கம்பனிகளும் செய்ய வேண்டிய வேலை அது. அதில் நேர்ந்திருக்கும் தாமதம் மன்னிக்க முடியாதது என்பது என் உறுதியான கருத்து.

பணமும் ஒரு காரணம். ஈக்கடியால் பரவி உயிரைப் பறிக்கும் ஆபிரிக்கத் தூக்க நோயில் நினைவிழந்து கிடந்தவர்களையும் மீட்ட எஃப்லோர்னிதின் என்னும் மருந்து, நோயாளிகள் ஏழைகள் என்பதால் இலாபம் தராமல் 1990களின் நடுவில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே மருந்து 2000இல், பெண்களின் முகத்தில் வளரும் முடியைக் குறைக்கும் கிரீமாகச் சந்தைக்கு வந்தது. பல தரப்பினரும் போராடிய பின்னரே 2001இல் அது மீண்டும் நோயாளிகளுக்குக் கிடைக்க வழி பிறந்தது.

இதைக் கேட்டு மாணவர்கள் விஞ்ஞானத்தின் மீது நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த, இந்தியாவின் மேற்கு வங்கத்திலுள்ள பொங்காவ்ன் முகாமில் வாந்திபேதி பரவி, நரம்பு வழியாக ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது, வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த மரணவீதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் வீடுகளில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி அந்த வழியில் வந்ததுதான். ஏழைத் தாயின் கையாலேயே செய்ய முடிந்ததனால் அது உலகெங்கும் பரவியது.

கிடைத்த வெற்றியையும் காத்துக்கொள்ள வேண்டும். 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் இரத்தப் பரிசோதனையையும் நுளம்பு ஒழிப்பையும் விடாது செய்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம். நோய் இல்லாத ஊரில் இரத்தம் சோதிக்கும் அந்த உத்தியோகத்தர்களின் வேலையையும் உங்கள் வகுப்பில் விஞ்ஞானமாகவே கற்பியுங்கள்.