ஆயா வீட்டு மார்பிள் வந்த ஊரு

கேள்வி: எங்க ஆயா வீட்டு முகப்புல இத்தாலி மார்பிள் போட்டிருக்கு. அந்தக் கல்லு வெட்டுற ஊர்ல ஜனங்க என்ன சாப்பிடுவாங்க?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இத்தாலி மார்பிள்னா முதல்ல வர்ற பேரு கராராங்கிற ஊரு தான் ஆச்சி, அதுக்கு மேல மலையில கொலொனாட்டான்னு ஒரு குட்டி ஊரு, ரோமானியர் காலத்துலேர்ந்தே கல்லு வெட்டுற பூமி, 1504ல மைக்கேலாஞ்சலோ முடிச்ச டேவிட் சிலை கூட கராரா கல்லுதான். இன்னிக்கும் குவாரி ஓடுது. ஆனா அவங்க சாப்பாடுதான் அருமை! பன்னிக் கொழுப்ப உப்பு, மிளகு, பூண்டு, ரோஸ்மேரியோட மார்பிள் தொட்டியிலயே அடுக்கி குறைஞ்சது 6 மாசம் ஊறப் போடுவாங்க, பேரு லார்டோ. குவாரி தொழிலாளிங்க அத மெல்லிசா சீவி ரொட்டிக்குள்ள வச்சு மலைக்கு கொண்டு போவாங்க, அந்த வேலைக்கு தெம்பு வேணும்ல. உழைக்கிறவங்க சாப்பாடு அது, 2004ல ஐரோப்பாவோட புவிசார் குறியீடே வாங்கிடுச்சு, நம்ம காரைக்குடி கண்டாங்கி சேலைக்கு இங்க 2019லதான் கிடைச்சுது.