'எடுப்பான மெரூன்' என்றால் எது?

கேள்வி: கல்யாணப் பத்திரிகைக்கு “மெரூன்தான், ஆனா எடுப்பா இருக்கணும்” என்கிறார் வாடிக்கையாளர். எத்தனை முறை மாற்றினாலும் திருப்தியில்லை. என்ன செய்வது?

பதில்: நிறத்தின் பெயரைக் கேட்காதீர்கள். முகூர்த்தப் புடவையையோ, பிடித்த பழைய பத்திரிகையையோ கொண்டுவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் குறை மெரூனில் இருக்காது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு போதாததுதான் காரணம். அதை முதலில் சரிசெய்யுங்கள்.

பிறகு அச்சு மைகளில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 100, மஞ்சள் 70 சதவீதம் என வைத்து, கருப்பை மட்டும் 20, 35, 50 சதவீதமாக மாற்றி மூன்று மாதிரிகள் எடுங்கள். அச்சிடப்போகும் தாளிலேயே எடுப்பது மிக முக்கியம்: பளபளப்பில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கவைக்கும். செல்போன் திரையில் ஒப்புதல் வாங்கவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில் காட்டி, அவர் தேர்ந்தெடுத்த மாதிரியில் கையெழுத்து வாங்குங்கள்.