காக்கை போன்ற ஏதோ ஒரு பறவை

அன்புள்ள ஐயா,

மெல்பர்னின் புறநகர் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வார இறுதிகள் தமிழ்ப் பள்ளி, கோயில், நண்பர் வீட்டு விருந்து என்றே கழிகின்றன. பன்னிரண்டு வயது மகன் கிரிக்கெட்டைக் கைவிட்டு, ஃபுட்டி என்று இங்கே சொல்லப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தே கதி என்று கிடக்கிறான். எனக்கு அது ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதாகத்தான் தெரிகிறது. சரி, அவனோடு பூங்காவுக்காவது போகலாம் என்று சென்ற வாரம் கிளம்பினால், காக்கை போன்ற ஏதோ ஒரு பறவை பின்னாலிருந்து வந்து தலையில் கொத்திவிட்டது. இனிப் பூங்காவே வேண்டாம் என்கிறாள் மனைவி. இந்த ஊரில் ஒன்றிப்போனால் நம் வேர் அறுந்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களை எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம்?

ச.

அன்புள்ள ச.,

வேரைப் பற்றிய கவலையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஃபுட்டி பார்த்துத் தமிழை மறந்த பிள்ளை எவனையும் நான் கண்டதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னால் தாண்ட முடியாமல் நின்ற இடம், ‘காக்கை போன்ற ஏதோ ஒரு பறவை’ என்பது. பதினோரு ஆண்டுகள், ஐயா! அதன் பெயர் மேக்பை. உங்கள் தெருவில் விடியற்காலையில் குழலூதுவது போலவும் தொண்டைக்குள் நீர் கொப்பளிப்பது போலவும் பாடுவது அதுதான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, பெண் அடைகாக்கும் காலத்திலும் குஞ்சு வளரும் காலத்திலும், ஆண் காவலிருக்கிறது. கூட்டுக்கு அருகில் வருபவரைப் பாய்ந்து விரட்டும் ஆண் பறவைகள் சிலவே. பெரும்பாலானவை யாரையும் சீண்டுவதில்லை. குஞ்சுகள் வெளியே வந்து சில வாரங்களில் அந்த ஆவேசமும் அடங்கிவிடும். அதுவரை அந்த ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு போனால் போதும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேக்பை மனித முகங்களைத் தனித்தனியே அடையாளம் கண்டு நினைவில் வைத்திருக்கும். ஒரே எல்லைக்குள் பல ஆண்டுகள் குடும்பமாக வாழும். நீங்கள் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைப்பதையும், மகன் புத்தகப்பை தொங்க முதுகு வளைந்து நடப்பதையும் அந்தக் குடும்பம் கிளையிலிருந்து ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கக்கூடும். அதற்கு உங்களைத் தெரியும். உங்களுக்கோ அது ‘ஏதோ ஒன்று’.

ஆறுதலுக்காக ஒன்று சொல்கிறேன். குடியேறிய ஆங்கிலேயர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்ததைக் கண்டதும், ஊரில் விட்டுவந்த மேக்பையின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள். அது காக்கைக் குடும்பத்துப் பறவை. இது வேறு குடும்பம். நம் மைனாவின் கதை இதற்கு மறுபக்கம். தோட்டங்களில் பூச்சி பிடிப்பதற்கென்று 1860களில் மெல்பர்னுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளூர்ப் பறவைகளின் மரப்பொந்துகளை அது பிடித்துக்கொள்கிறது என்று இன்று அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். உங்கள் அப்பா வந்ததும் அதைப் பார்த்து நலம் விசாரிக்கட்டும்.

எனக்கும் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாது. என் தங்கை மெல்பர்னிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்திலுள்ள ஒரு சிற்றூரில் வேலை பார்த்தபோது, அவள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில், 1950களில் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த ஒரு முதியவர் இருந்தார். சனிக்கிழமை மதியம் அவர் என்னை ஊர் மைதானத்துக்கு அழைத்துப் போனார். முட்டை வடிவ மைதானத்தைச் சுற்றிலும் வேலியை நோக்கிக் கார்களை நிறுத்திவிட்டு, குளிருக்குப் பயந்து பாதிப் பேர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். தம் அணி கோல் அடித்தால் அத்தனை கார்களும் ஒருசேர ஹாரன் அடித்தன. முதியவர் நான்கு விரல்களை நிமிர்த்தி நான்கு கம்பங்களை விளக்கினார்: நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, பக்கவாட்டில் போனால் ஒன்று. குறி தவறியவனுக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் அந்தப் பெருந்தன்மை எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஓடுகிறவன் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். அந்த நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்பது அதற்கே தெரியாது. ஒருவர்மேல் ஒருவர் விழுவதாக நீங்கள் கண்டவற்றுள் ஒன்று ‘மார்க்’. சில நேரம் எதிராளியின் தோள்மேல் முழங்கால் படும்படிகூட எழும்பி, உதைபட்டு வரும் பந்தை வானத்திலேயே பிடிப்பது. பிடித்துவிட்டால் தடையில்லாமல் உதைக்கும் உரிமை அவனுக்கு.

இடைவேளையில் முதியவர் என் சட்டைக்கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இழுத்துப் போனார். பயிற்சியாளர் ஆட்டக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்க, ஊரே அவர்களைச் சுற்றி நின்று அதைக் கேட்டது. வியர்வை ஆவியாக எழும்பும் இருபது முதுகுகளுக்குப் பின்னால் நானும் நின்றேன். ஆங்கிலம் தெரியாமல் வந்த தமக்கு, ஊர்க்காரர்களின் பெயரெல்லாம் இந்த வட்டத்தில் நின்றுதான் தெரிந்தது என்றார். உங்கள் மகன் உங்களையும் இப்படித்தான் இழுக்கிறான். நீங்கள் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அவன் கிரிக்கெட்டை விட்டதற்கும் வருந்த வேண்டாம். கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858இல் எழுதிய கடிதத்திலிருந்துதான் இந்த ஆட்டமே கிளம்பியது. 1859இல் விதிகளை எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை எழுதியது 1863இல்தான்.

பார்க்க வேண்டிய இடங்களா? பிலிப் தீவுப் பென்குவின்களுக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள். கம்பளி கொண்டுபோங்கள், கோடையில் அவை கரையேற ஒன்பது மணியாகும். அங்கே படமெடுக்கத் தடை உண்டு, மிக நல்லது. ஒரு நாள் அந்தியில் மெல்பர்னிலேயே இருக்கும் யாரா பெண்ட் பூங்காவில் ஆற்றங்கரையில் நின்று, பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்புவதையும் காட்டுங்கள். மற்றதற்கெல்லாம் வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன.

உங்களைக் கொத்தியது என்ன பறவை என்று மகனிடம் கேட்டீர்களா? கோலிங்வுட் என்ற ஃபுட்டி அணியின் செல்லப்பெயரே அதுதான், அவனுக்குத் தெரிந்திருக்கும். டிசம்பரில் அப்பாவையும் அம்மாவையும் அதே மரத்தடிக்கு அவனே அழைத்துப் போகட்டும். அதற்குள் சாம்பல் நிறக் குஞ்சுகள் புல்தரையில் இறங்கி, தீனி கேட்டுக் கத்திக்கொண்டே தாயின் பின்னால் நடந்துகொண்டிருக்கும்.