டியான் சாண்டர்ஸ் செய்தது துரோகமா? – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கால்பந்தின் டியான் சாண்டர்ஸ் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கறுப்பின மாணவர்களுக்கான ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேரும்போது, கடவுள் அழைத்ததால் வந்தேன் என்றார். மூன்று சீசன் முடிவதற்குள் கொலராடோ பல்கலைக்கழகம் கோடிகளைக் காட்டியதும் கிளம்பிவிட்டார். இது துரோகம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடர் இரண்டிலும் ஆடிய ஒரே மனிதர் சாண்டர்ஸ். அப்படிப்பட்டவர் 2020இல் ஜாக்சன் ஸ்டேட் இருக்கும் மிசிசிப்பிக்குப் போனது சாதாரண விஷயமே இல்லை. தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பு இளைஞர்களை அணியில் சேர்க்காத காலத்தில் அவர்களுக்குப் போக்கிடம் ஜாக்சன் ஸ்டேட் மாதிரியான கல்லூரிகள்தான், பின்னாளில் பெரும் நட்சத்திரமான வால்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் ஆடி வளர்ந்தவர். அப்புறம் பெரிய இடங்கள் கதவைத் திறந்தன, நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே போனார்கள், இந்தக் கல்லூரிகள் பணமும் கவனிப்பும் இல்லாமல் நின்றன.

அந்த ஓட்டத்தை ஒரு நாளாவது திருப்பிக் காட்டினார் சாண்டர்ஸ். 2021 டிசம்பரில், நாடே வலைவீசித் தேடிய டிராவிஸ் ஹண்டர் என்ற பள்ளி மாணவர், சாண்டர்ஸ் படித்த ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தவர், கடைசி நேரத்தில் ஜாக்சன் ஸ்டேட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த ஆகஸ்டில் ஜாக்சன் நகரத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. பையன்கள் குளிக்கவும் கழிப்பறை போகவும் வழியில்லாத நிலையில், அவர்களைத் தண்ணீர் இருக்கும் இடத்தில் தங்க வைக்க அலைந்தவரும் அவர்தான். அணிக்கான கட்டட வேலை முடிய வேண்டும் என்று தன் சம்பளத்தில் பாதியையே கொடுக்க முன்வந்தார். மொத்தம் 27 வெற்றி, 6 தோல்வி.

அங்கே அவர் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் டாலர். கொலராடோ ஐந்து வருஷத்துக்கு 2.95 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. போனதற்காக நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், கறுப்பினப் பயிற்சியாளர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் எத்தனை முறை அந்த நாற்காலியைக் கொடுத்திருக்கின்றன?

எனக்கு மனசு ஆறாதது வேறு. கொலராடோ பல்கலைக்கழகம் இருக்கும் போல்டரில் நடந்த முதல் கூட்டத்திலேயே, எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களைப் பார்த்து, வேறு கல்லூரி தேடிக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். அடுத்த சீசனுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். அது முந்தைய வருஷம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி, சரி, மாற்றம் வேண்டியதுதான். 2024இல் அதே அணி 9 ஆட்டம் ஜெயித்தது, அவரோடு கொலராடோவுக்கு வந்த ஹண்டருக்கு, கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் வந்தது. இருந்தாலும் அந்தப் பையன்கள் படிக்க வந்தவர்கள், முந்தைய பயிற்சியாளரை நம்பிச் சேர்ந்தவர்கள். ஜாக்சனில் தண்ணீருக்காக அலைந்த மனிதரா இப்படிப் பேசினார் என்று எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஜாக்சன் ஸ்டேட் அவரோடு முடிந்துபோகவும் இல்லை. அங்கேயே ஆடி, சாண்டர்ஸுக்குக் கீழே உதவிப் பயிற்சியாளராக இருந்த டி.சி. டெய்லர் பொறுப்பேற்றார். கறுப்பினக் கல்லூரிகளின் சாம்பியன் ஆட்டமான, சாண்டர்ஸ் இரண்டு முறை தோற்ற செலிப்ரேஷன் பவுலை 2024 டிசம்பரில் 28-7 என்று ஜெயித்துக் காட்டினார். அவரைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.