ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் வட்டை ஹோஸ்டில் மவுன்ட் செய்யலாமா?

கேவிஎம்மில் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) ஓடும் மெய்நிகர் கணினியை, அதாவது கெஸ்டை, நிறுத்தாமல், அதன் வட்டை அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியிலேயே மவுன்ட் செய்து (கோப்புகளைத் திறக்கும்படி இணைத்து) உள்ளிருக்கும் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ரா வடிவில் (வட்டின் உள்ளடக்கம் அப்படியே ஒரு கோப்பாக) இருந்த ஒரு வட்டை லூப் சாதனமாக (கோப்பை வட்டுபோல் காட்டும் வசதி) இணைத்து, எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கெஸ்டுக்குள் சென்று பார்த்தால் பழைய வரியே இருந்தது. தன் நினைவகத்தில் ஏற்கெனவே வைத்திருந்த பக்கத்தைத்தான் அது காட்டியது. அடுத்த மறுதொடக்கத்தில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் நெடுநேரம் ஓடி, பெயரிழந்த கோப்புகளை லாஸ்ட்-ஃபவுண்ட் அடைவில் கொண்டுவந்து குவித்தது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் ஒரு நேரத்தில் ஒரே கர்னல்தான் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தம்மை ஆளுகிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இரண்டு கர்னல்கள் ஒன்றையொன்று அறியாமல் எழுதினால், ஒரே பிளாக்கை இரண்டுமே காலி என்று எடுத்துக்கொள்ளும். கேவிஎம்மோடு சேர்ந்து மெய்நிகர் கணினியை இயக்கும் க்யூஇஎம்யூ மென்பொருளில், 2017இல் வந்த 2.10 பதிப்பு முதல் வட்டுக் கோப்புக்குப் பூட்டு உண்டு என்றாலும், லூப் சாதனம் அந்தப் பூட்டைக் கேட்பதேயில்லை.

படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் போதாதா என்பார்கள். போதாது. எழுத இடம்தரும் சாதனமாக இருந்தால், ரீட்-ஒன்லி மவுன்டிலும் எக்ஸ்ட்4 தன் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) ஓட்டி வட்டில் எழுதிவிடும். அதைத் தடுக்க நோலோட் என்ற மவுன்ட் விருப்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு, மெய்நிகர் வட்டுகளைத் திறக்க உதவும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிகளை ரீட்-ஒன்லி முறையில் பயன்படுத்துங்கள். அவை மேலடுக்கு ஒன்றை வைத்துக்கொள்வதால் மூல வட்டைத் தொடுவதில்லை, ஆனால் கிடைக்கும் காட்சி பாதி எழுதப்பட்டதாகவும் இருக்கலாம்.

திருத்தவேண்டியதை எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியே உள்நுழைவது) வழியாகவும், நெட்வொர்க் போயிருந்தால் விர்ஷ் கன்சோல் (ஹோஸ்டிலிருந்தே கெஸ்டின் முனையத்தைத் திறப்பது) வழியாகவும் கெஸ்டின் கையாலேயே செய்யுங்கள். கெஸ்டுக்குள் ஓடி ஹோஸ்டின் கட்டளைகளை நிறைவேற்றும் க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்டிலும் கோப்பெழுதும் கட்டளைகள் உண்டு. ஆனால் ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ் விநியோகங்களில் அவை இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கும். அந்த ஏஜென்டை எப்படியும் நிறுவிவிடுங்கள், ஏனெனில் பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நேர நிலையைப் பதிவது) எடுக்கையில் க்வியஸ் விருப்பத்தைக் கொடுத்தால், ஏஜென்ட் நினைவகத்தில் தேங்கியதை வட்டுக்குத் தள்ளி, கோப்பு முறைமையை உறையவைத்து, ஸ்னாப்ஷாட் முடிந்ததும் விடுவிக்கும். நீங்களே கையால் உறையவைப்பதானால், விடுவிக்கும் கட்டளையை முன்கூட்டியே இன்னொரு சாளரத்தில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உறைந்திருக்கும் வரை கெஸ்டில் எழுத முயலும் ஒவ்வொரு செயல்முறையும் அப்படியே நிற்கும்.